தமஸ்கு வழியைப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

சரவணம்பட்டியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை ராத்திரி வேத வகுப்பு நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் மில்லில் ஷிப்ட் முடித்து, தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டபடி படியேறி வந்தவர்கள்தான் அதிகம். இப்போது கழுத்தில் கம்பெனி அட்டையோடு பிள்ளைகள் வருகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. "ஐயா, பவுல் வழியிலயே இரட்சிக்கப்பட்டாருங்களா, இல்ல அனனியா வந்து ஞானஸ்நானம் கொடுத்த பொறகுங்களா?" என்று ஒரு தம்பி கேட்கிறார். "பவுலுக்கு முன்னால சபையே கெடையாதுன்னு ஒருத்தர் வீடியோவுல சொல்றாருங்க, நெசமுங்களா?" என்று ஒரு தங்கச்சி கேட்கிறாள்.

வகுப்பில் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததால் எழுதித் தருகிறேன். வரிசையாகப் படியுங்கள். அவசரப்பட்டுக் கடைசிக்குத் தாவ வேண்டாம்.

1. முதலில் மூன்று பத்தி போடுங்கள்.

பவுலின் மனமாற்றம் அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று தடவை வருகிறது. 9-ஆம் அதிகாரத்தில் லூக்கா சொல்கிறார். 22-இல் எருசலேம் கோட்டைப் படியில் நின்று, தன்னை அடித்துக் கொல்லப் பார்த்த ஜனங்களிடம் பவுலே சொல்கிறார். 26-இல் செசரியாவில், விலங்கு போட்ட கையோடு, அகிரிப்பா ராஜாவிடம் சொல்கிறார். ஒரு நீளமான நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு போட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் கையால் எழுதுங்கள். போனில் படித்தால் கண் ஓடிவிடும். கையால் எழுதினால் ஒவ்வொரு சொல்லும் நின்று பேசும்.

எழுதி முடிக்கும்போது சில பழக்கங்கள் தானாக உதிரும். குதிரையிலிருந்து சவுல் விழுந்தார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். மூன்று அதிகாரத்திலும் குதிரை இல்லை. அது ஓவியர்கள் கொடுத்த குதிரை. 1601-ஐ ஒட்டி கரவாஜியோ வரைந்த படத்தில் பாதி இடத்தைக் குதிரையே அடைத்துக்கொண்டிருக்கும். சவுல் அன்றைக்கே பவுலாகப் பேர் மாறினார் என்பதும் அப்படித்தான். மனமாற்றத்துக்கு வெகுகாலம் பின்னால், 13-ஆம் அதிகாரத்தில் ஊழியத்துக்குப் பிரித்தெடுக்கும்போதுகூடப் பரிசுத்த ஆவியானவர் அவரைச் சவுல் என்றுதான் அழைக்கிறார். யூதருக்குள் ஒரு பேர், ரோமருக்குள் ஒரு பேர் என்று இரண்டுமே அவருக்கு இருந்தவை. பேரை மாற்றிக்கொள்வது இரட்சிப்பின் அடையாளம் அல்ல என்று இதிலிருந்தே கற்றுக்கொள்ளுங்கள்.

கூடவந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள் என்று ஒரு பத்தியிலும், கேட்கவில்லை என்று இன்னொரு பத்தியிலும் இருக்கும். பயப்படாதீர்கள். கிரேக்கத்தில் கேட்பது என்ற வினைக்குக் காதில் விழுவது, பொருள் விளங்குவது என்று இரண்டும் உண்டு. நம் ஊரில் தினமும் சொல்கிறோமே, "கேட்டுதுங்க, வெளங்கலீங்க" என்று. அதுதான்.

2. இது நடந்த காரியம் என்பதை மனதில் வையுங்கள்.

எருசலேமிலிருந்து தமஸ்குவுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். கோயமுத்தூரிலிருந்து மதுரைக்கு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்து நடை. அத்தனை நாளும் பிரதான ஆசாரியனின் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆணும் பெண்ணுமாகக் கட்டி இழுத்து வர அந்த மனுஷர் நடந்திருக்கிறார். கோபம் ஒரு நாளில் ஆறிவிடும். இது ஒரு வாரம் நடந்தும் ஆறாத பக்திவைராக்கியம்.

காலத்தையும் கணக்குப் பார்க்க முடியும். தமஸ்குவில் அரேத்தா ராஜாவின் அதிகாரி தன்னைப் பிடிக்கப் பார்த்தபோது கூடையில் மதில் வழியாக இறக்கப்பட்டதாகப் பவுல் 2 கொரிந்தியரில் எழுதுகிறார். அந்த நபத்தேய அரசன் கி.பி. 40-ஐ ஒட்டி இறந்துவிட்டான். கொரிந்துவில் பவுல் நின்ற நியாயாசனத்தில் உட்கார்ந்திருந்த கல்லியோனின் பேர் டெல்பியில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. அவன் பதவிக்காலம் 51, 52-ஐ ஒட்டியது. இந்த இரண்டு முளைகளுக்கும் கயிறு கட்டி, கலாத்தியரில் பவுல் சொல்லும் 3 வருஷத்தையும் 14 வருஷத்தையும் வைத்து அளந்தால், மனமாற்றம் 33-க்கும் 36-க்கும் இடையில் வந்து நிற்கும். சிலுவைக்குச் சில வருஷங்கள்தான் பின்னால். தமஸ்குவின் பழைய நகரத்தில் நேர்த்தெரு இன்றும் இருக்கிறது.

3. முள் என்றால் தார்க்குச்சி.

26-ஆம் அதிகாரத்தில், முள்ளில் உதைப்பது உனக்குத்தான் கஷ்டம் என்ற கருத்தில் கர்த்தர் பேசுகிறார். நகரத்துப் பிள்ளைகள் இதைக் கருவேல முள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மாடு ஓட்டுகிற தார்க்குச்சி.

எங்கள் அப்பாரு வைத்திருந்த தார்க்குச்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மூங்கில். கை பிடித்துப் பிடித்து நடுப்பகுதி மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல வழவழப்பாக இருக்கும். நுனியில் தலை தேய்த்த ஓர் ஆணி. அதை மாட்டின் தொடைக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். பெரும்பாலும் தொடக்கூட மாட்டார். பழகின மாடு சால் கோணாமல் நடக்கும். புதிதாய் ஏரில் பூட்டின காளை மட்டும் பின்னங்காலால் ஓர் உதை விடும். ஆணி அதன் காலிலேயே ஏறும். அப்பாரு குச்சியை உடனே இழுத்துக்கொண்டு, "அட சாமி, உன்னையவே நீ குத்திக்கறயே" என்பார். அதன் காலில் மஞ்சள் வைப்பவரும் அவர்தான்.

கர்த்தருடைய அந்தச் சொல்லை இந்தக் குரலில் கேளுங்கள். சவுல் திடீரென்று ஒரு மத்தியானத்தில் மாறவில்லை. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் மேலாடைகள் அவர் காலடியில்தான் வைக்கப்பட்டிருந்தன. சாகிறவன் தன்னைக் கொல்லுகிறவர்களுக்காக ஜெபித்ததை அவர் நின்று பார்த்திருக்கிறார். ஆணி அன்றைக்கே பட்டிருக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. தமஸ்கு வழியில் நடந்ததை இடி விழுந்ததுபோலப் பிரசங்கிக்கிறவர்கள், வெகுநாளாகப் பின்னால் நடந்துவந்த உழவரை மறந்துவிடுகிறார்கள்.

4. யுகப் பிரிவு என்பதைப் பண்ணையம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேட யுகப் பிரிவுப் போதனை உதவும். ஆங்கிலத்தில் டிஸ்பென்சேஷன் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் மிரளுகிறார்கள், சிலர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். கிரேக்கத்தில் அது வீட்டு நிர்வாகத்தைக் குறிக்கும் சாதாரணச் சொல். நம் தமிழ் வேதாகமம் எபேசியர் 3-இல் நியமிப்பு என்கிறது. நான் வகுப்பில் பண்ணையம் என்றே சொல்கிறேன். கொங்கு நாட்டில் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு தலைமுறை கவலை கட்டித் தண்ணீர் இறைத்தது. அடுத்து ஆயில் இன்ஜின் வந்தது, பிறகு கரண்ட் மோட்டார், இப்போது சொட்டு நீர். பண்ணையம் மாறிக்கொண்டே வந்தது. நிலம் மாறவில்லை, நிலத்துக்காரர் மாறவில்லை, தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. தேவன் தம் வீட்டை நடத்திய விதத்தைக் காலங்களாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் போதனை. அயர்லாந்துச் சபையில் குருவாக இருந்து வெளியேறிய ஜான் நெல்சன் டார்பி (1800–1882) இதைக் கோவையாகச் சொன்னார். ஸ்கோஃபீல்டு 1909-இல் வெளிவந்த தன் குறிப்பு வேதாகமத்தில் ஏழாக வகுத்தார்: குற்றமின்மை, மனசாட்சி, மனித அரசாங்கம், வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம்.

ஒரு எச்சரிக்கை. பண்ணையம் மாறினதால் இரட்சிப்பின் வழியும் மாறியது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஸ்கோஃபீல்டின் சில குறிப்புகளை அப்படிப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் கிரியை, இந்தக் காலத்தில் கிருபை என்று பேசியவர்கள் உண்டு. அதே போதனையைச் சேர்ந்த சார்ல்ஸ் ரைரி 1965-இல் எழுதிய புத்தகத்தில் இதைத் தெளிவாக்கினார். எந்தக் காலத்திலும் இரட்சிப்புக்கு ஆதாரம் கிறிஸ்துவின் மரணம், கேட்கப்படுவது விசுவாசம், விசுவாசம் வைக்கப்படுவது தேவன்மேல். அந்தந்தக் காலத்தில் தேவன் எவ்வளவு வெளிப்படுத்தினார் என்பதே வேறுபடுகிறது. ஆபிரகாமும் விசுவாசத்தால்தான் நீதிமானானார் என்று ரோமர் 4-இல் பவுலே வாதாடுகிறார் அல்லவா?

5. எப்போது இரட்சிக்கப்பட்டார் என்ற கேள்வியை இப்படி அணுகுங்கள்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வழியில் போகும்போது சவுல் ஏற்கெனவே இரட்சிக்கப்பட்ட ஒரு பழைய ஏற்பாட்டு நீதிமான் அல்ல. நியாயப்பிரமாணத்தின்படி குற்றம் சொல்ல இடமில்லாதவர் என்று பிலிப்பியரில் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். ஆனால் 1 தீமோத்தேயுவில், தேவதூஷணக்காரனாகவும் துன்பப்படுத்துகிறவனாகவும் அவிசுவாசத்தில் இருந்ததாக ஒப்புக்கொள்கிறார். பக்தியில் குறைவில்லை, இரட்சிப்பு இல்லை. இரண்டும் ஒரே மனுஷரிடம் இருக்க முடியும் என்பது நம் சபைக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு முக்கியமான பாடம்.

இனி, வழியிலா, தமஸ்குவில் அனனியா வந்து பார்த்த வீட்டிலா? வீட்டில்தான் என்பவர்கள் 22-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். எழுந்து ஞானஸ்நானம் பெற்றுப் பாவங்கள் கழுவப்பட வேண்டும் என்று அனனியா அங்கே சொல்கிறார். அந்த வாக்கியத்தை முழுவதும் படியுங்கள். கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்வதும் அதற்குள் இருக்கிறது. கழுவப்படுவது அந்த நாமத்தைக் கூப்பிடுவதோடு சேர்ந்தது. தண்ணீர் அதற்கு வெளிச்சாட்சி.

வழியில்தான் என்பதற்கு என் கணக்கில் மூன்று ஆதாரம் உண்டு. ஒன்று, 26-ஆம் அதிகாரத்தின்படி, தம்மைப் பற்றும் விசுவாசத்தால் பாவமன்னிப்பு கிடைக்கும் என்ற செய்தியைக் கர்த்தர் அந்தத் தரையிலேயே அவரிடம் ஒப்புவிக்கிறார். இரண்டு, தன் சுவிசேஷத்தை மனுஷனிடம் கற்கவில்லை, இயேசு கிறிஸ்துவின் வெளிப்பாட்டினால் பெற்றேன் என்று கலாத்தியரில் அடித்துச் சொல்கிறார். அனனியாவிடமிருந்து வந்தது என்றால் அந்த வாதமே நிற்காது. மூன்று, அனனியா உள்ளே வந்ததும், ஞானஸ்நானத்துக்கு முன்பே, சவுலைச் சகோதரன் என்று அழைக்கிறார். இந்த மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் பேசுவேன்.

ஆனாலும் அந்த மூன்று நாளைக் கடந்து ஓடிவிடாதீர்கள். நேர்த்தெருவில் யூதா என்பவன் வீட்டில் பார்வையில்லாமல், சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு ஒரு நொடியில் கிடைக்கலாம். அது நெஞ்சுக்குள் இறங்க நாள் பிடிக்கும்.

6. நடபடிகள் புத்தகம் ஒரு பருவ மாற்றம். அதைச் சட்டப்புத்தகம் ஆக்காதீர்கள்.

யுகப் பிரிவுப் போதனை உங்களுக்கு மிகவும் உதவும் இடம் இதுதான். நோட்டில் வேறொரு பக்கம் எடுத்து, ஆள் ஆளாக வரிசை எழுதுங்கள். 2-ஆம் அதிகாரத்தில் மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பிறகு ஆவியின் வரம் என்று சொல்லப்படுகிறது. 8-இல் சமாரியர் ஞானஸ்நானம் பெற்றும், அப்போஸ்தலர்கள் வந்து கை வைத்த பிறகே ஆவியைப் பெறுகிறார்கள். 9-இல் அனனியா என்ற சாதாரண சீஷன் கை வைக்கிறார். அதன்பிறகு சவுல் ஞானஸ்நானம் பெறுகிறார். 10-இல் கொர்நேலியு வீட்டில் பிரசங்கம் முடிவதற்குள் ஆவி இறங்கிவிடுகிறது, தண்ணீர் பிறகு வருகிறது. 19-இல் எபேசுவில் யோவானின் ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் மறுபடியும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள்.

ஐந்து இடம், ஐந்து வரிசை. நியாயப்பிரமாணத்தின் பண்ணையத்திலிருந்து கிருபையின் பண்ணையத்துக்கு வீடு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது காற்று ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் அடிப்பதில்லையா? ஏதாவது ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு, இப்படி நடக்காதவன் இரட்சிக்கப்படவில்லை என்று சொல்கிற எந்தப் பிரசங்கியாரையும் நம்பாதீர்கள். நிலையான உபதேசத்தை நிருபங்களில் தேடுங்கள்.

7. பவுலோடுதான் சபை தொடங்கியது என்பவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்லுங்கள்.

டார்பி, ஸ்கோஃபீல்டு, ரைரி ஆகியோர் பெந்தெகொஸ்தே நாளில் சபை பிறந்தது என்றார்கள். சிகாகோவில் ஊழியம் செய்த ஓ'ஹேர், அவருக்குப் பின் கர்னேலியஸ் ஸ்டாம் போன்றவர்கள், பவுலோடுதான் கிறிஸ்துவின் சரீரமாகிய சபை தொடங்கியது என்றார்கள். அவர்களுக்கு முன்பே புல்லிங்கர் (1837–1913) இன்னும் தூரம் போய், நடபடிகள் 28-ஆம் அதிகாரத்துக்குப் பிறகே என்றார். நீங்கள் வீடியோவில் கேட்பது பெரும்பாலும் இந்த ஊற்றுகளிலிருந்து வருவதுதான்.

அவர்கள் வேதத்தை மதிக்காதவர்கள் அல்ல. இரகசியம் பவுலுக்கு வெளிப்படுத்தப்பட்டது என்று எபேசியர் 3 சொல்வதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு காரியம் வெளிப்படுவது வேறு, தொடங்குவது வேறு. குழந்தை பிறந்து சில வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் பேர் எழுதுகிறோம். பேர் எழுதின நாள் பிறந்த நாள் ஆகிவிடாது. தமஸ்கு வழியில் கர்த்தர், என் சீஷரை ஏன் துன்பப்படுத்துகிறாய் என்று கேட்கவில்லை, என்னை ஏன் என்று கேட்டார். கால் விரலை மிதித்தால் தலைதானே கத்தும்? தலையும் சரீரமும் அன்றைக்கே சேர்ந்திருந்தன. தேவனுடைய சபையையே துன்பப்படுத்தினேன் என்று பவுல் எழுதுகிறார். அன்றோனீக்கும் யூனியாவும் தனக்கு முந்திக் கிறிஸ்துவுக்குள்ளானவர்கள் என்று ரோமர் 16-இல் பணிவோடு சொல்கிறார். பேதுருவுக்கு ஒரு சுவிசேஷம், பவுலுக்கு வேறொன்று என்றால், நானோ அவர்களோ யார் பிரசங்கித்தாலும் இதுதான் என்று 1 கொரிந்தியர் 15-இல் அவர் சொல்லியிருக்க முடியாது. எருசலேம் கூட்டத்தில் பேதுருவும், கிருபையினாலேயே நாமும் அவர்களும் இரட்சிக்கப்படுவோம் என்றுதான் பேசினார்.

8. பவுல் மாதிரி என்றால் எதற்கு மாதிரி என்று பாருங்கள்.

1 தீமோத்தேயு 1-இல், இனி விசுவாசிக்கப்போகிறவர்களுக்குத் தான் ஒரு திருஷ்டாந்தம் என்கிறார். வெளிச்சத்துக்கா? குரலுக்கா? கீழே விழுந்ததற்கா? இல்லை. கிறிஸ்துவின் நீடிய பொறுமைக்கும் இரக்கத்துக்கும். பிரதான பாவிக்கே இரக்கம் கிடைத்தது என்றால் அடுத்தவன் கையை விரிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் தமஸ்கு போலவே ஒன்று நடந்தது. பஞ்சாபில் சுந்தர் சிங் என்ற சீக்கிய வாலிபன் 1904 டிசம்பரில் வேதாகமத்தை எரித்தான். மூன்றாம் நாள் அதிகாலையில், உயிரை விடத் துணிந்திருந்த வேளையில், ஒளியில் கிறிஸ்துவைக் கண்டதாகச் சாட்சி சொன்னான். அவரைக் கர்த்தர் பெரிதாக உபயோகித்தார். ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்டுவிட்டு, எனக்கு ஒளி வரவில்லையே, நான் இரட்சிக்கப்பட்டேனா என்று என் முன்னால் உட்கார்ந்து அழுத பிள்ளைகளை எண்ணி மாளாது.

அவர்களுக்கு நான் பிலிப்பி பட்டணத்தைக் காட்டுவேன். ஒரே அதிகாரம், ஒரே ஊர். சிறைக்காரன் மனந்திரும்ப பூமி அதிர வேண்டியிருந்தது. லீதியாளுக்கு ஆற்றங்கரையில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கர்த்தர் இருதயத்தைத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரிந்திருக்காது. அவள் இரத்தாம்பரத் துணி வியாபாரம் செய்தவள். திருப்பூரில் சாயத்துணி பார்த்தவர்களுக்குத் தெரியும், முக்கின உடனே ஏறுகிற சாயமும் உண்டு, ஊற ஊற ஏறுகிற சாயமும் உண்டு. ஏறின பிறகு துணியைப் பார்த்து எது எப்படி ஏறியது என்று யாரும் கேட்பதில்லை. தீமோத்தேயுவுக்கோ பாட்டி லோவிசாள் மடியிலிருந்தே தொடங்கிவிட்டது. நீங்கள் எந்த நாள் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், யாரை நம்புகிறீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

9. அகாலப்பிறவி என்ற சொல்லை இஸ்ரவேலோடு சேர்த்துப் படியுங்கள்.

1 கொரிந்தியர் 15-இல் பவுல் தன்னை இப்படிச் சொல்கிறார். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்று வையுங்கள். தாழ்மையாகச் சொன்னது என்பது முதல் அர்த்தம். யுகப் பிரிவுப் போதகர்களில் பலர் இன்னொன்றையும் பார்த்தார்கள். தாங்கள் குத்தினவரை நோக்கிப் பார்த்து இஸ்ரவேல் ஒருநாள் அழும் என்று சகரியா 12 சொல்கிறது. மகிமையில் மேசியாவைக் கண்டு மனம் உடைந்த ஒரு யூதன், அந்த நாளுக்கு முன்பே பிறந்துவிட்ட பிள்ளை. இதை நிழலாக எடுத்துக்கொள்ளுங்கள், உபதேசத் தூணாக நிறுத்தாதீர்கள்.

10. சாட்சி சொல்லும்போது வளர்த்தவர்களைத் தாழ்த்தாதீர்கள்.

22-ஆம் அதிகாரத்துப் பத்தியை மறுபடியும் பாருங்கள். தன்னை அடித்தவர்களைச் சகோதரரே, பிதாக்களே என்றுதான் அழைக்கிறார். தன்னைப் படிக்க வைத்த கமாலியேலின் பேரை மரியாதையோடு சொல்கிறார். தான் பிறந்த தர்சு பட்டணத்தை மறைக்கவில்லை. வேறு மார்க்கத்திலிருந்து வந்த பிள்ளைகளும், வேறு சபையிலிருந்து வந்தவர்களும் இதைக் கவனியுங்கள். உங்கள் அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டது உங்களுக்காகத்தான். உங்கள் பழைய சபைப் போதகர் உங்களுக்கு அட்சரம் கற்றுக்கொடுத்தவர். கிறிஸ்துவை உயர்த்த அவர்களை மிதிக்க வேண்டிய அவசியம் இல்லை.

11. அரபியாவுக்குப் போய்வாருங்கள்.

பார்வை வந்த சில நாளிலேயே சவுல் தமஸ்கு ஜெபாலயங்களில் கிறிஸ்துவைப் பிரசங்கித்தார். அது சாட்சி; யாரும் உடனே சொல்லலாம். ஆனால் அதோடு ஊழியர் ஆகிவிடவில்லை. அரபி தேசத்துக்குப் போனார், திரும்பி வந்தார், 3 வருஷம் கழித்து எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கினார். அங்கே சீஷர்கள் அவரை நம்பவே பயந்தார்கள். பர்னபா கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. பிறகு தர்சுவில் இருந்த காலத்தைப் பற்றி வேதம் விவரமாகப் பேசவில்லை. பர்னபா தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தார்.

மூன்று மாதம் வகுப்புக்கு வந்துவிட்டுச் சேனல் தொடங்குகிற தம்பிகளே, இதைப் படியுங்கள். வேலைக்குப் போங்கள், பவுலும் கூடாரம் தைத்தார். நாற்காலி அடுக்குங்கள். வகுப்புக்கு வர முடியாத முதியவர் வீட்டுக்குப் போய் ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டுங்கள். பேசப்படாத வருஷங்கள் வீணான வருஷங்கள் அல்ல.

12. கடைசியாக, அனனியாவின் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்.

அனனியாவிடம் போகுமுன் இன்னொருவரைச் சொல்கிறேன். இந்தப் போதனையைச் சுமந்த சகோதரர் சபைகள் தமிழ்நாட்டுக்கு வந்த வழியில் எல்லாரும் அறிய வேண்டிய ஒருவர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸீட்டரில் பல் வைத்தியம் பார்த்து நன்றாகச் சம்பாதித்தவர். அதை விட்டு பாக்தாதுக்குப் போய், 1833-இல் இந்தியா வந்தார். அவரோடு பழகிய திருநெல்வேலி அருளப்பன், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்து, 1840-இல் கிறிஸ்தியான்பேட்டையை ஏற்படுத்தினார். நம் சகோதரர் சபைகளின் வேர் அங்கே இருக்கிறது. அந்த குரோவ்ஸ் 1836-இல் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒருவரிடம் எவ்வளவு ஒளி இருக்கிறது என்று பார்த்து ஐக்கியம் கொள்ளும் பாதையில் நீங்கள் போகிறீர்கள், கிறிஸ்துவின் ஜீவன் இருக்கிறதா என்று பார்த்த பழைய பாதையை விடுகிறீர்கள் என்பது அதன் கருத்து. டார்பி கேட்கவில்லை. 1848-இல் சகோதரர் இயக்கம் இரண்டாக உடைந்தது.

நானும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் என்னிடம் ஒரு சார்ட் இருந்தது. மில்லில் வாங்கின காடாத்துணியில், ஏழு காலத்தையும் ஏழு வளைவாக நானே வார்னிஷ் பெயின்ட் எடுத்து எழுதினது. சுவரில் மாட்டினால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் வரும். பவுலின் மனமாற்றத்துக்கு ஆறாவது வளைவின் ஆரம்பத்தில் சிவப்பில் ஒரு புள்ளி. வார்ப்புப் பட்டறையில் வேலை செய்த ஒரு சகோதரர், அந்த வளைவே தப்பான இடத்தில் தொடங்குகிறது, அதை நடபடிகள் 28-க்குத் தள்ள வேண்டும் என்றார். அத்தனை பேர் முன்னால் வாதாடி ஜெயித்தேன். ஜெயித்ததோடு விடாமல், "நீங்க மொதல்ல இரட்சிக்கப்பட்டிருக்கீங்களான்னு பாருங்க" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப்பின் வரவில்லை.

பல வருஷம் கழித்து கணபதி பஸ் ஸ்டாப்பில் இரண்டு கையிலும் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை மூட்டையை வாங்கியது. "பிரதர், குடுங்க, நான் ஏத்தி விடறேன்." அவர்தான். விரல்களில் பட்டறைச் சூடு பட்ட பழைய தழும்புகள். பஸ் கிளம்பும் வரைக்கும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்தச் சார்ட்டைச் சுருட்டிப் பரணில் வைத்தேன். இன்றும் அதில் எழுதியிருப்பதைத்தான் நம்புகிறேன். ஆனால் அதை வைத்து ஒரு மனுஷரை அளந்தது பாவம்.

அனனியாவை நினைத்துப் பாருங்கள். தன்னைப் பிடித்துப்போக வந்தவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தே நேர்த்தெருவில் நடந்து போகிறார். சவுல் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. எந்த உபதேசத்தை நம்புகிறான் என்று அனனியா விசாரிக்கவில்லை. கர்த்தர் இவனை ஏற்றுக்கொண்டார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். கையை வைத்து, சகோதரனே என்கிறார். பார்வையில்லாத மனுஷர் காதில் கிறிஸ்துவின் வீட்டிலிருந்து விழுந்த முதல் மனுஷச் சொல்லாக வேதம் நமக்குக் காட்டுவது அதுதான். கண்ணிலிருந்து செதில் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

முதல் அறிவுரையில் உங்கள் நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னேன். இப்போது ஓரமாக நான்காவதாக ஒரு சின்னப் பத்தி போடுங்கள். நீங்கள் சகோதரன் என்றோ சகோதரி என்றோ அழைக்க மனம் வராத ஒருவருடைய பேரை அதில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவரை ஒருமுறை அப்படி அழைத்துவிட்டு வகுப்புக்கு வாருங்கள். 9-ஆம் அதிகாரத்தை அதன்பிறகு சேர்ந்து படிக்கலாம்.